ஜாமீன் கட்டாதீர்கள் என்று சொல்லும் வக்கீல்

மகனைப் போலீஸ் பிடித்துப்போய் இரண்டு நாள் ஆகிறது. நீதிபதி 1,000 டாலர் ஜாமீன் என்று சொல்லிவிட்டார். வீட்டில் அங்கே இங்கே புரட்டிப் பணத்தைத் தயார் செய்துவிட்டார்கள். அப்போது அரசுச் செலவில் அமர்த்தப்பட்ட வக்கீல் வந்து சொல்கிறார்: "பணத்தை இன்னும் கட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்."

கேட்பவர்களுக்கு இவர் நம் பக்கமா, அவர்கள் பக்கமா என்று சந்தேகமே வந்துவிடும். ஆனால் அமெரிக்காவில் குற்ற வழக்கு நடத்தும் வக்கீல்கள் சில கட்சிக்காரர்களிடம் இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கட்சிக்காரர் அமெரிக்கக் குடிமகனாக இல்லாவிட்டால், சிறையிலிருந்து வெளியே வருவது விடுதலை ஆகாது. இன்னொரு சிறைக்கு மாறுவதாக முடியலாம்.

கைதானவுடன் எடுக்கும் கைரேகை எஃப்.பி.ஐ.க்குப் போகும்போதே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போய்விடுகிறது. 2008-ல் சில கவுன்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) தொடங்கிய ஏற்பாடு, 2013-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. கைரேகை பொருந்தினால், எல்லோரும் 'ஐஸ்' என்று சொல்கிற குடியேற்ற அமலாக்கத் துறை அந்தச் சிறைக்கு ஒரு படிவம் அனுப்பும். அதற்கு டிடெய்னர் என்று பெயர். இந்த ஆளை விடும் நேரம் வந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், 48 மணி நேரம் வரை கூடுதலாகப் பிடித்து வையுங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் அதில் இருப்பது. இது வேண்டுகோள்தான், உத்தரவு அல்ல என்று ஃபெடரல், அதாவது மத்திய அரசின், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2014-ல் சொன்னது. மாநிலச் சட்டப்படி ஒருவரை இப்படிப் பிடித்து வைக்க அதிகாரிகளுக்கு அதிகாரமே இல்லை என்று 2017-ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் சில கவுன்டிகள் அந்தப் படிவத்தைக் கண்டுகொள்வதில்லை. வேறு சில கவுன்டிகளோ ஐஸுடன் ஒப்பந்தமே போட்டுக்கொண்டு அந்த வேலையைத் தாங்களே செய்கின்றன. ஒரே குற்றச்சாட்டு, ஒரே ஆள் என்றாலும் எந்த ஊர் எல்லையில் பிடிபட்டார் என்பதைப் பொறுத்து அவர் கதி மாறும்.

சரி, எப்படியும் சிறைதானே, எந்தச் சிறையாக இருந்தால் என்ன என்று தோன்றலாம். வித்தியாசம் நிறைய இருக்கிறது. கவுன்டி சிறையில் இருப்பவரை வாய்தா தேதியில் நீதிமன்றத்துக்குக் கூட்டிவருவார்கள். ஐஸ் காவலில் இருப்பவரை அப்படிக் கூட்டிவரும் கட்டாயம் ஐஸுக்கு இல்லை. மாநில நீதிபதி உத்தரவு எழுதி அனுப்பினாலும் அது ஃபெடரல் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆள் வரவில்லை என்றால் வாய்தா தவறியதாகப் பதிவாகும், வாரண்ட் பிறக்கும், கட்டிய ஜாமீன் பணமும் பறிபோகக்கூடும். அப்புறம் அந்த வாரண்டே, நாடு கடத்தும் வழக்கை விசாரிக்கும் குடியேற்ற நீதிமன்றத்தில் 'இவர் தப்பி ஓடக்கூடியவர்' என்பதற்குச் சாட்சியாக வந்து நிற்கும். வர முடியாமல் பூட்டி வைத்ததும் அரசு, வரவில்லை என்று குற்றம் சொல்வதும் அரசு. கவுன்டி சிறையில் கழித்த நாட்களைப் பின்னால் வரும் தண்டனையில் கழித்துக்கொள்ளலாம். குடியேற்றக் காவலில் கழித்த மாதங்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்கும் கிடையாது.

ஃபெடரல் குற்ற வழக்குகளிலும் இந்த இழுபறி உண்டு. 1984-ன் ஜாமீன் சட்டப்படி நீதிபதி ஒருவரை வெளியே விட்டபிறகு, அதே அரசின் இன்னொரு கை அவரை வாசலிலேயே பிடிக்கலாமா? வழக்கு நடத்துவதா, நாடு கடத்துவதா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரிகன் மாநிலத்து ஃபெடரல் நீதிபதி ஒருவர் 2012-ல் கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் 2018, 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வரிசையாக அதை ஏற்க மறுத்துவிட்டன. இரண்டும் வேறு வேறு நோக்கத்துக்கான காவல்கள், பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம் என்பது அவற்றின் முடிவு.

'வேறு நோக்கம்' என்ற வாதத்துக்கு வயது நூற்றுமுப்பதுக்கு மேல். 1892-ல் வந்த ஒரு சட்டம், சீனத் தொழிலாளர்கள் வசிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், அது இல்லாமல் பிடிபட்டால் முன்பே இங்கே வசித்ததை நிரூபிக்க வெள்ளைக்காரச் சாட்சி ஒருவராவது வர வேண்டும் என்று சொன்னது. அதை எதிர்த்த வழக்கில் 1893-ல் உச்ச நீதிமன்றம், நாடு கடத்துவது குற்றத்துக்கான தண்டனை அல்ல என்று சொல்லி அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தண்டனை இல்லை என்று வைத்துவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசியல் சாசனம் தரும் பாதுகாப்புகளும் கூடவே போய்விடுகின்றன. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்ற 1963-ன் புகழ்பெற்ற தீர்ப்பு குற்ற நீதிமன்றத்தோடு நின்றுகொள்கிறது. குடியேற்ற நீதிமன்றத்தில் உங்கள் காசில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், அரசுக்குச் செலவு வைக்கக்கூடாது. குழந்தையாக இருந்தாலும் அதே விதிதான். திருட்டு வழக்கில் இலவசமாக வாதாடிய அதே வக்கீல், நாடு கடத்தும் வழக்கு வந்ததும் பெரும்பாலும் கும்பிடு போட்டு விலக வேண்டியதுதான். நியூயார்க் நகரம் 2013-ல் தொடங்கிய திட்டம் போல, காவலில் இருப்பவர்களுக்கு நகரத்தின் செலவில் வக்கீல் தருவது இன்னும் விதிவிலக்காகத்தான் இருக்கிறது.

இப்போதுள்ள கட்டமைப்புக்கு அஸ்திவாரம் 1996-ல் போடப்பட்டது. அந்த ஆண்டு வந்த குடியேற்றச் சட்டம், சில வகைக் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களை நாடு கடத்தும் வழக்கு முடியும்வரை உள்ளேயே வைக்க வேண்டும் என்றது. கிரீன் கார்டு இருந்தாலும், குடும்பம் இருந்தாலும் நீதிபதிக்கு ஜாமீன் தரும் அதிகாரம் கிடையாது. ஆறு வயதில் கொரியாவிலிருந்து வந்து, பிற்காலத்தில் திருட்டு வழக்குகளில் தண்டனை பெற்ற ஒருவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2003-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றார். இந்தக் காவல் குறுகிய காலத்துக்குத்தான், பெரும்பாலோருக்கு ஒன்றரை மாதம், மேல்முறையீடு செய்பவர்களுக்குச் சுமார் ஐந்து மாதம் என்று தீர்ப்பு சொன்னது. அந்தப் புள்ளிவிவரத்தைக் கொடுத்தது அரசு. 13 ஆண்டு கழித்து, 2016-ல், அந்தக் கணக்கு தப்பு, மேல்முறையீடு செய்தவர்கள் சராசரியாக 382 நாள் உள்ளே இருந்திருக்கிறார்கள் என்று அரசே நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. தீர்ப்பு மாறவில்லை. காவல் நீண்டுகொண்டே போனால் இடையிடையே ஜாமீன் விசாரணை வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என 2018-ல் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

இவ்வளவு இருந்தும், குற்ற வழக்கு வக்கீல்கள் வெகுகாலம் இது தங்கள் பொறுப்பு இல்லை என்றே இருந்தார்கள். அதை மாற்றியது 2010-ல் வந்த பதில்லா வழக்கு. (அல்காய்தா வழக்கில் செய்தியில் அடிபட்ட ஜோஸ் பதில்லா வேறு ஆள்; பெயர் ஒற்றுமை அவ்வளவுதான்.) இவர் ஹோண்டுராஸில் பிறந்தவர், 40 ஆண்டுக்கு மேல் கிரீன் கார்டோடு வாழ்ந்தவர், அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து வியட்நாம் போருக்குப் போனவர், லாரி ஓட்டிப் பிழைத்தவர். கென்டக்கியில் லாரியில் கஞ்சாவோடு பிடிபட்டார். இத்தனை வருஷம் இங்கே இருந்துவிட்டீர்கள், குடியேற்றப் பிரச்சினை எதுவும் வராது என்று வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தக் குற்றத்துக்கு நாடு கடத்தல் ஏறக்குறைய உறுதி என்பது சட்டத்தைப் புரட்டினாலே தெரியும். கட்சிக்காரர் ஒப்புக்கொள்ளும் முன் இந்த ஆபத்தைச் சொல்லுவது வக்கீலின் கடமை என்று 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

ஒப்புக்கொள்ளும் கட்டத்தைத் தீர்ப்பு பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் விசாரணை நடந்து, ஜூரி உட்கார்ந்து, தீர்ப்பு வரும் வழக்கு அபூர்வம். ஃபெடரல் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநிலத் தண்டனைகளில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. பேரத்தில்தான் எல்லாம் முடிகிறது. குடிமகன் அல்லாதவருக்கு அந்தப் பேரத்தின் கணக்கே தலைகீழ்.

ஒரு சின்னத் திருட்டு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுத் தரப்பு இரண்டு வழி சொல்கிறது: ஒரு வருடத் தண்டனை, ஆனால் முழுக்க நிறுத்திவைப்பு, ஒரு நாள்கூட உள்ளே போக வேண்டாம், அல்லது ஆறு மாதம் உள்ளே இருக்க வேண்டும். குடிமகன் யோசிக்காமல் முதலாவதை எடுப்பார். கிரீன் கார்டு வைத்திருப்பவரிடம் நல்ல வக்கீல், ஆறு மாதத்தை யோசியுங்கள் என்பார். குடியேற்றச் சட்டம் நிறுத்திவைத்த தண்டனையையும் முழுத் தண்டனையாகவே எண்ணும். திருட்டில் அது ஒரு வருடத்தைத் தொட்டால் 'கடுங்குற்றம்' என்ற பட்டியலுக்குள் போய்விடும், கட்டாயக் காவலும் பின்னாலேயே வரும். 1988-ல் கொலை, போதைப்பொருள் கடத்தல், ஆயுதக் கடத்தல் என்று மூன்றே வகையோடு தொடங்கிய பட்டியல் அது. 1996-ல் இப்படிக் கடைத் திருட்டையும் விழுங்கும் அளவுக்கு ஊதிவிட்டது. எல்லாம் 365-ம் நாளில் இருக்கிறது. அதனால்தான் வாஷிங்டன் மாநிலம் 2011-லும், கலிஃபோர்னியா 2015-லும், நியூயார்க் 2019-லும் சிறு குற்றங்களுக்கான உச்சத் தண்டனையை 364 நாளாகக் குறைத்தன.

போதைப்பொருள் வழக்கில் இதைவிட மோசமான கண்ணி ஒன்று உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் வழக்கே ரத்து என்பார்கள். மாநிலச் சட்டப்படி அவர் மேல் தண்டனை எதுவும் இல்லை. குடியேற்றச் சட்டப்படி உண்டு, ஏனென்றால் ஒப்புக்கொண்டதே அங்கே போதுமானது. ஒப்புக்கொள்ளாமலே சிகிச்சைக்குப் போகலாம் என்று கலிஃபோர்னியா 2018-ல் சட்டத்தைத் திருத்தியதற்கு இதுவே காரணம்.

காலுறை வழக்கைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. துனிசியாவில் பிறந்த ஒரு கணித ஆசிரியர் கன்சாஸில் போதையில் வண்டி ஓட்டியதற்காகக் கைதானார். சிறையில் சோதித்தபோது காலுறைக்குள் நான்கு மாத்திரை இருந்தது. பேரத்தில் குற்றச்சாட்டு 'போதைப்பொருள் உபகரணம் வைத்திருந்தது' என்று குறைந்தது. உபகரணம் என்பது அந்தக் காலுறை. 359 நாள் தண்டனை, அதுவும் நிறுத்திவைப்பு. நன்னடத்தைக் காலத்தை ஒழுங்காக முடித்தார், அதற்குப் பிறகுதான் ஐஸ் பிடித்து நாடு கடத்தியது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. கன்சாஸின் பட்டியலில் இருந்த சில போதைப்பொருட்கள் ஃபெடரல் பட்டியலில் இல்லை, எந்தப் பொருள் என்று ஆவணத்தில் குறிப்பிடவும் இல்லை என்பது காரணம். ஒரு ஆவணத்தில் எந்தச் சொல் இருக்கிறது, எந்தச் சொல் இல்லை என்பதில் ஒருவரின் வாழ்க்கை தொங்குவதால், வக்கீல்கள் பேரத்தில் தண்டனைக்காக மட்டுமல்ல, வாக்கிய அமைப்புக்காகவும் மல்லுக்கட்டுகிறார்கள். 2017-ல் வந்த ஜே லீ வழக்கு பதில்லா வழக்கின் வகை: வக்கீல் தவறாகச் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மெம்பிஸில் உணவகம் நடத்திய கொரியர் அவர். ஜெயிக்க வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லாத வழக்கு. நாடு கடத்தப்படுவது நிச்சயம் என்று தெரிந்திருந்தால், துளி நம்பிக்கையை நம்பியாவது விசாரணைக்கு அவர் போயிருப்பார், அது பகுத்தறிவுக்கு ஒத்த முடிவுதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வாயை மூடிக்கொண்டு இருப்பது பற்றியும் சொல்ல வேண்டும். குற்ற வழக்கு வக்கீலின் முதல் பாடமே அது: யாரிடமும் எதுவும் பேசாதீர்கள். ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போதே ஒருவர் ஐஸ் காவலில் மாட்டிக்கொண்டால், குடியேற்ற நீதிபதி முன்னால் ஜாமீன் கேட்க வேண்டும். அங்கே குறைந்தபட்சத் தொகையே 1,500 டாலர். தான் ஆபத்தானவர் அல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் கேட்பவர் தலையில். நிரூபிக்கப்படாத கைதையும், போலீஸ் எழுதிய அறிக்கையையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம். அன்று என்ன நடந்தது என்று அவர் கேட்டால் என்ன செய்வது? பதில் சொன்னால் அது பதிவாகி, குற்ற வழக்கில் அரசுத் தரப்பின் கைக்குப் போகலாம். சொல்லாவிட்டால், இது சிவில் வழக்கு என்பதால் மௌனத்தையே எதிராக எடுத்துக்கொள்ள முடியும். சாட்சி சொல்லாமல் இருக்கும் உரிமை காகிதத்தில் அப்படியே இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதற்கு விலை வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை தண்டனை அல்லது ஒப்புதலைச் சுற்றியே ஓடின. வக்கீலுக்கு வேலை செய்யக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. 2025 அந்த அவகாசத்தைத் தின்றுவிட்டது.

2024 பிப்ரவரியில் ஜார்ஜியாவில் லேக்கன் ரைலி என்ற நர்சிங் மாணவி கொல்லப்பட்டார். கொன்றவர் சட்டவிரோதமாக எல்லை தாண்டி வந்த வெனிசுலாக்காரர், அதற்கு முன்பு கடைத் திருட்டுப் புகாரில் சிக்கியவர். அந்த மாணவியின் பெயரில் வந்த சட்டத்தில் 2025 ஜனவரி 29-ல் டிரம்ப் கையெழுத்திட்டார். கீழவையில் 263-க்கு 156, செனட்டில் 64-க்கு 35; ஜனநாயகக் கட்சியினரும் கணிசமாக ஆதரித்தார்கள். முறையான அனுமதி இல்லாமல் நுழைந்தவர் போன்ற சில வகையினர் மீது திருட்டு, கடைத் திருட்டு, வீடு புகுந்து திருடுவது, போலீஸ்காரரைத் தாக்குவது, மரணமோ படுகாயமோ விளைவிப்பது ஆகிய குற்றங்களுக்கு வழக்கு வந்தால் கட்டாயக் காவல். தண்டனை வேண்டாம். கைதானாலே போதும், ஒப்புக்கொண்டாலும் போதும். தவறான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டால் என்ன ஆகும்? அதற்கென்று ஒரு வெளிவழி அந்தச் சட்ட வாசகத்தில் எழுதப்படவில்லை.

கடைக் காவலாளி ஒருவரின் சந்தேகமும், ஒரு போலீஸ்காரர் எழுதும் குற்றப் பிரிவும் இப்போது மாதக்கணக்கான காவலைத் தீர்மானிக்க முடியும். பதில்லா தீர்ப்பு வக்கீலின் எச்சரிக்கையை ஒப்புதலுக்கு முந்தைய நாளில் வைத்தது. ஆபத்து இப்போது கைதான இரவிலேயே நிகழ்ந்து முடிகிறது. அதே 2025 செப்டம்பர் 5-ல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், சோதனைச் சாவடி வழியாக வராமல் நுழைந்தவர்கள் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தாலும் அவர்களுக்கு ஜாமீன் தரக் குடியேற்ற நீதிபதிகளுக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. நூற்றுக்கணக்கான வழக்குகளில் ஃபெடரல் மாவட்ட நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. வெளியே வர வேண்டுமானால் ஃபெடரல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். திருட்டு வழக்குக்கு வந்த இலவச வக்கீலின் வேலைப் பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது.

2025 தொடக்கத்தில் ஐஸ் காவலில் இருந்தவர்கள் 40,000 பேர் அளவில். ஆண்டு முடிவதற்குள் 65,000-ஐத் தாண்டிவிட்டார்கள். காவல் மையங்களுக்கென்று அந்த ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 4,500 கோடி டாலர் ஒதுக்கியது. மையங்கள் பல டெக்சஸ், லூயிசியானா போன்ற மாநிலங்களில் இருக்கின்றன. நியூ ஜெர்சியில் வழக்கு, ஆள் லூயிசியானாவில் என்று ஆகிவிட்டால், சாட்சிகளைப் பற்றிப் பேசவும் ஆவணங்களைக் காட்டவும் வக்கீலுக்கு எஞ்சுவது தொலைபேசி மட்டும்தான். அந்த அழைப்பை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்ற உத்தரவாதத்தை அவர் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நம் ஆட்களில் எச்-1பி விசாவிலும் மாணவர் விசாவிலும் போனவர்கள் இது எல்லை தாண்டி வந்தவர்கள் சமாசாரம் என்று நினைப்பது உண்டு. லேக்கன் ரைலி சட்டம் முறையாக அனுமதி பெற்று வந்தவர்களை நேரடியாகத் தொடுவதில்லை என்பது சரிதான். ஆனால் திருட்டு என்பது குடியேற்றச் சட்டத்தில் 'ஒழுக்கக் கேடான குற்றம்' என்ற வகை. அனுமதி பெற்று வந்த ஐந்து ஆண்டுக்குள் செய்து, ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய பிரிவில் தீர்ப்பானால் அதுவே நாடு கடத்தக் காரணம். தாக்குதல், திருட்டில் ஈடுபட்டால் விசா ரத்தாகலாம் என்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகமே 2025 ஜூலையில் வெளிப்படையாக எச்சரித்தது. சூப்பர் மார்க்கெட்டில் சில்லறைத் தொகைக்கு நடந்த சமாசாரம், அபராதம் கட்டி முடித்துவிடலாம் என்று உள்ளூர் வக்கீல் சொன்னால், இவருக்குக் குடியேற்றச் சட்டம் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இப்போது விவரமான வக்கீல்கள் கட்சிக்காரரை முதல்முறை பார்க்கும்போதே, பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் கேட்கும் கேள்வி: எங்கே பிறந்தீர்கள்? அடுத்தது, அதை இதுவரை யாரிடமாவது சொன்னீர்களா? குடிமகன் அல்ல என்பதை நிரூபிக்க வேண்டியது அரசு, அதனால் பிறந்த ஊரே ஒரு சாட்சியம். ஆனால் சிறையில் சேர்க்கும்போது பெயர், வயது, முகவரி, பிறந்த இடம் என்று ஒரு படிவம் நிரப்புவார்கள். இத்தகைய வழக்கமான அடையாளக் கேள்விகளுக்கு, 'பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு' என்ற எச்சரிக்கை தேவையில்லை என்று 1990-ம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை வைத்து நீதிமன்றங்கள் ஏற்கின்றன. அந்தப் படிவம் நிரம்பும் நேரத்தில் வக்கீலுக்கு வழக்கு இன்னும் ஒதுக்கப்பட்டிருக்கவே மாட்டாது.